கிணறும் ஆறும் ஒரே திரையில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள எங்கள் பெருமாட்டியில் தண்ணீர்க் கணக்கு பார்க்காதவர்கள் குறைவு. பிளாச்சிமடை இந்தப் பஞ்சாயத்தில்தான் இருக்கிறது. அங்கே நிலத்தடி நீரை எடுத்துவந்த குளிர்பான ஆலை 2004இல் நின்ற பிறகும் கிணற்றில் எத்தனை அடி என்ற பேச்சு ஓயவில்லை. என் எக்ஸல் கோப்பில் இரண்டு தாள்கள். ஒன்றில் வீட்டுக் கிணற்று மட்டம், தினம் ஒரு வரி. மற்றதில் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் பக்கம் வரும் தண்ணீர், பதினைந்து நாளுக்கு ஒரு வரி. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். ஆற்றில் தண்ணீர் வந்து எத்தனை நாள் கழித்துக் கிணறு ஏறுகிறது என்று பார்க்கத் தாள் மாற்றித் தாள் போனால், முதல் எண் அதற்குள் மறந்துவிடும்.

இதற்கு எக்ஸலின் ‘ஸ்பிளிட்’டைத் தொட வேண்டாம். அது ஒரே தாளைத்தான் இரண்டாகக் காட்டும். நமக்கு வேண்டியது வியூ பகுதியில் உள்ள ‘நியூ விண்டோ’. அதே கோப்பு இன்னொரு சன்னலில் திறக்கும். அதில் மற்றத் தாளை வைத்துக்கொண்டு ‘அரேஞ்ச் ஆல்’ போய் ‘வெர்டிகல்’ கொடுத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எதில் திருத்தினாலும் கோப்பு ஒன்றுதான்.

‘வியூ சைட் பை சைட்’ என்றும் ஒன்று உண்டு. அதில் ஒரு தாளை உருட்டினால் மற்றதும் கூடவே உருளும். போன வருடக் கிணற்றுத் தாளையும் இந்த வருடத் தாளையும் ஒப்பிட அருமை. ஆனால் அது தேதி பார்த்து உருளாது, வரியை எண்ணித்தான் உருளும். கிணற்றுத் தாளில் நான் ஆகஸ்டுக்கு வருவதற்குள் ஆற்றுத் தாள் அடுத்த ஆண்டைத் தாண்டிவிட்டது! இப்படிப்பட்ட ஜோடிக்கு ‘சிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங்’கை அணைத்துவிடுங்கள்.

கூகுள் ஷீட்ஸில் இந்த வசதி இல்லை. உலாவியில் அதே கோப்பை இன்னொரு சன்னலில் திறந்து, விண்டோஸ் விசையோடு இடது, வலது அம்புக்குறியை அழுத்தி இரு ஓரமும் ஒதுக்கலாம். லிப்ரே ஆபீஸில் ‘நியூ விண்டோ’ இருக்கிறது, அதே ஒதுக்கல்தான். கைபேசியில் முயல வேண்டாம்.

மழை அளவும் சேர்ந்து மூன்று தாளானால் என் ஓட்டு சன்னலுக்கு இல்லை. பதினைந்து அங்குல மடிக்கணினியில் ஒவ்வொன்றிலும் நாலு நெடுவரிசைதான் தெரியும். புதுத் தாளில் தேதியைப் போட்டு ‘விலுக்கப்’ மூலம் மூன்றையும் ஒரே வரிக்கு இழுத்துவிடுவேன். அரை மணி நேர வேலை.

எக்ஸலில் ‘நியூ விண்டோ’ திறந்திருந்தால், மூடும்போது இரண்டாம் எண் சன்னலை முதலில் மூடுங்கள். முதலாவதை மூடிவிட்டு மற்றதைச் சேமித்தால், தலைப்பு வரிக்கு நீங்கள் போட்டிருந்த ‘ஃப்ரீஸ்’ சில பதிப்புகளில் போய்விடலாம்.