ஸலாமுக்கு அடுத்த பேச்சு



கல்யாண வீட்டில் ஸலாமுக்கு அடுத்த பேச்சு பெரும்பாலும் உடம்பைப் பற்றியதாகவே இருக்கிறது. "என்னம்மா, இப்படிப் பெருத்துட்டே?" "நெய்வேலி வெயில்ல சைக்கிள் மிதிச்சுப் பிள்ளை கறுத்துட்டாளே!" சொல்பவர் பாசத்தோடுதான் சொல்கிறார். கேட்கும் பதினான்கு வயதுப் பிள்ளை சிரித்துக்கொண்டே நகர்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நிற்கிறாள்.

இன்னொரு பேச்சும் உண்டு. "நான் ரொம்ப குண்டாயிட்டேன்" என்று ஒருவர் சொல்வார். "நீயா குண்டு? என்னைப் பாரு" என்று மற்றவர் ஆறுதல் சொல்வார். இதைப் பற்றி 2011இல் அமெரிக்கக் கல்லூரி மாணவிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தாங்களும் இப்படிப் பேசுவதாகச் சொன்னார்கள். பேசினால் மனம் லேசாகிறது என்று பாதிக்கு மேற்பட்டோர் நம்பினார்கள். ஆனால் அடிக்கடி பேசியவர்களிடமே தம் உடம்பைப் பற்றிய மனக்குறை அதிகமாக இருந்தது.

யோசித்தால் புரியும். "நீ குண்டில்லை" என்ற ஆறுதலுக்குள்ளேயே, குண்டாக இருப்பது குறை என்ற தீர்ப்பும் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளின் மனதில் அந்தத் தீர்ப்புதான் தங்குகிறது.

நிறத்துக்கும் இதே கதைதான். கறுப்பும் அழகே என்று சென்னையின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009இல் பிரச்சாரம் தொடங்கியது. 1975 முதல் விற்ற 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கியது. நம் வீட்டுப் பேச்சிலிருந்து அது இன்னும் போகவில்லை.

ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரக் குறைவைச் சுட்டிப் பேசினார்கள். அந்த ஒரு சொல்லைக் கடலில் கலந்தால் கடலே மாறிவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

இது மனக்கஷ்டத்தோடு நிற்பதில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. ஒரு சொல்லுக்காகக் காலைச் சாப்பாட்டை விடும் பிள்ளைக்கு அந்தக் குறை இன்னும் கூடும்.

நாம் செய்யக்கூடியவை:

1. பிள்ளைகளைப் பார்த்ததும் படிப்பை, தூக்கத்தை, தோழிகளை விசாரிப்போம்.

2. "குண்டாயிட்டேன்" என்று யாராவது சொன்னால் ஒப்பிட வேண்டாம். "உடம்புக்கு ஏதாவது செய்யுதா?" என்று கேட்போம்.

3. பிள்ளைகள் எதிரில் நம் உடம்பை நாமே பழிக்காதிருப்போம்.

4. எடை திடீரென ஏறினாலோ இறங்கினாலோ, மாதவிடாய் தவறினாலோ, சபையில் பேசாமல் தனியே விசாரித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

இந்த வாரம் வீட்டில் பேச ஒரு கேள்வி: உங்கள் உடம்பைப் பற்றி யாரோ சொன்ன எந்தச் சொல் இன்றும் நினைவில் இருக்கிறது? அப்போது உங்களுக்கு என்ன வயது?