சட்டை மாற்றிய காலராக் கிருமி: தொடக்கநிலை மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாந்திபேதி என்றதும் வடசென்னைக்காரர்களுக்குத் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்திலிருந்து நுண்ணுயிரியல் படிக்க வருபவர்கள் பாக்டீரியாவின் வெளிச்சவ்வுப் பாடத்தைக் காலராவிலிருந்தே தொடங்கலாம். அதற்கு மிகச் சிறந்த உதாரணம் 1992 அக்டோபரில் இதே மெட்ராஸில்தான் தலைகாட்டியது.

படி 1: மூலக்கூறைப் பிரித்துப் பாருங்கள்

வெளிச்சவ்வில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு என்ற மூலக்கூறுக்கு மூன்று பகுதிகள். சவ்வில் பதிந்திருப்பது லிப்பிட் ஏ, நடுவில் கோர் சர்க்கரைகள், வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஓ-ஆன்டிஜென். கிருமியின் சட்டை இந்த மூன்றாவதுதான். மற்ற இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

படி 2: சின்ன மாற்றம்

ஓ-ஆன்டிஜெனை வைத்தே காலராக் கிருமிகளுக்கு எண் இடுகிறார்கள். அவற்றில் ஓ1 காலராவில் ஒகாவா, இனாபா என்று இரண்டு முக்கிய வகைகள். ஓ-ஆன்டிஜென் சங்கிலியின் கடைசிச் சர்க்கரையில் ஒரு மெத்தில் இருந்தால் ஒகாவா, இல்லாவிட்டால் இனாபா. மெத்திலைச் சேர்ப்பது டபிள்யூபிஇ-டி ஜீன். அதில் ஓர் எழுத்து பிசகினாலே போதும், ஒகாவா இனாபாவாகிவிடும். பிசகியதைச் சரியாகத் திருத்தும் மாற்றம் நேர்வது அபூர்வம், அதனால் இனாபா ஒகாவாவாவது குறைவு.

படி 3: பெரிய மாற்றம்

1992இல் நோயாளிகளிடம் கிடைத்த கிருமி, ஓ1ஐ அடையாளம் காட்டும் ஆன்டிசீரத்தில் திரளவில்லை. ஓ1 அல்லாதவை கொள்ளைநோயாகப் பரவாது என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். தெரிந்த 138 வகைகளிலும் அது அடங்காததால் ஓ139 ஆயிற்று. வங்கக் கடலோரத்தில் பரவியதால் 'பெங்கால்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. 1993இல் கல்கத்தாவும் வங்கதேசமும் அதனிடம் சிக்கின.

உள்ளே இருந்தது ஓ1இன் எல் டோர் என்ற பழைய வகைக் கிருமியேதான், காலரா நச்சு ஜீனும் அதேதான். ஓ-ஆன்டிஜெனைக் கட்டும் சுமார் 22 கிலோபேஸ் டிஎன்ஏ போய், வெளியிலிருந்து வந்த 35 கிலோபேஸ் அங்கே குடியேறியிருந்தது. கறாராகச் சொன்னால் இது ஜீன் இடமாற்றம். படி 2இல் பார்த்த திடீர்மாற்றத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓ1க்கு எதிராக உடல் சேர்த்துவைத்த எதிர்ப்புச் சக்தி இதனிடம் செல்லவில்லை. பெரியவர்கள் நிறையப் பேர் படுத்தது அதனால்தான்.

படி 4: சட்டையே இல்லாவிட்டால்?

காலராக் கிருமியைத் தாக்கும் ஐசிபி1 என்ற வைரஸ் ஓ1 ஆன்டிஜெனைப் பற்றித்தான் கிருமிக்குள் நுழைகிறது. ஆன்டிஜெனை இழந்த திடீர்மாற்றக் கிருமி தப்பிக்கும், ஆனால் குடலில் காலூன்றத் திணறும்.

படி 5: ஸ்லைடில்

காலராக் கிருமியை வளர்க்கும் டிசிபிஎஸ் தட்டில் மஞ்சள் காலனி வந்தால், மேற்பார்வையோடு ஆன்டிசீரம் சோதனை செய்யுங்கள். முதலில் வெறும் சலைன் துளி. பலர் சோம்பலில் விடுவது இதைத்தான். ஓ-ஆன்டிஜென் இல்லாத கிருமி சலைனிலேயே திரண்டு ஏமாற்றும். அடுத்து ஓ1, பிறகு ஓ139. இரண்டிலும் திரளாவிட்டால் 'காலரா இல்லை' என்று எழுதிவிடாமல் பிசிஆரில் நச்சு ஜீனைத் தேடுங்கள்.