நெசவாளர் வீடும் அதன் மதிப்பீடும்

ஆரணியில் பட்டு நெசவு செய்யும் குடும்பத்திற்கு வீடு வாசஸ்தலமாக மாத்திரமன்றித் தொழிற்கூடமாகவும் இருக்கின்றது. அவ்வீட்டை ஈடாக வைத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கோரும்போது, மதிப்பீடு பிழைபடின் இரு கேடுகள் விளையும். மதிப்பு மிகுந்தால் தாங்கவொண்ணாக் கடனேறி வீடு ஏலத்திற்கு வரும். குறைந்தாலோ போதிய தொகை கிடையாமல் அங்கத்தினர் வட்டிக்கடையை நாடுவர்.

1. பாத்தியதை: கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகிய மூன்றும் பெயரிலும் எல்லையிலும் அளவிலும் ஒத்திருத்தல் வேண்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடியாகும். வீட்டில் குடியிருப்போர் யாவர் என்பதை வில்லங்கச் சான்று கூறாது. ஆதலால் நேரில் சென்று விசாரித்தல் அவசியம்.

2. மனை: பத்திரப்பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு, முத்திரைத் தீர்வையின் பொருட்டு ஏற்பட்டது. அத்தகைய மதிப்புப் பதிவேட்டை மாத்திரம் கொண்டு சந்தை விலையை நிர்ணயித்தல் ஆகாதென்று 1994-ல் சுப்ரீம் கோர்ட்டு நிலமெடுப்பு வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. ஆகவே அதே தெருவிலும் அடுத்த தெருக்களிலும் சமீபத்தில் நடந்த கிரயங்களை ஒப்புநோக்குக. பணமுடையால் அவசரமாக விற்றதையும், உறவினருக்குள் நடந்த கிரயத்தையும் விலக்குக.

3. கட்டடம்: புதிதாகக் கட்டும் செலவிலிருந்து தேய்மானத்தைக் கழித்தல் வேண்டும். உதாரணமாக, இன்று கட்ட 9,00,000 ரூபாய் ஆகும் வீட்டின் ஆயுள் 60 ஆண்டு எனவும், கழிந்தது 20 ஆண்டு எனவும் கொள்வோம். மூன்றிலொரு பங்கு நீங்க மதிப்பு 6,00,000 ரூபாய். மனை 1,200 சதுர அடி, அடிக்கு 1,000 ரூபாய் எனின் 12,00,000 ரூபாய். ஆக மொத்தம் 18,00,000 ரூபாய்.

4. தறி: தறி பெயர்த்தெடுக்கத்தக்க பொருளாதலின் வீட்டின் மதிப்பில் அதனைச் சேர்த்தல் தகாது. குழித்தறிக்காகத் தரையில் வெட்டிய குழி நெசவாளருக்குப் பயன்படும். நெசவறியாதவர் வாங்கின், அதனை மூடும் செலவைக் கழித்தே விலை கேட்பர். நீண்ட கூடத்திற்கும் இவ்வாறே இருவகை விலை உண்டு. வீட்டை வாங்கக்கூடியோர் யாவர் என்றறிந்து மதிப்பிடுக.

கடன் கோருபவரின் உறவினரோ, அவரிடம் பணம் வரவேண்டியவரோ மதிப்பிடுதல் கூடாது. அளவு, ஒப்புநோக்கிய கிரயங்கள், கழித்த தேய்மானம் ஆகியவற்றை எழுத்தில் வைத்து, கையொப்பம் பெறுமுன் அங்கத்தினருக்குப் படித்துக் காட்டுதல் வேண்டும். தமது வீட்டின் கணக்கை அறிந்தவர், தம்மால் திருப்பிச் செலுத்தக்கூடிய அளவிற்கே கடன் கேட்பர்.