கூடைக்குள் பந்து விழுவது எப்படி?

கூடைப்பந்து வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கு. அதன் விட்டம் 45 செ.மீ. நாம ஆடும் பந்தின் விட்டம் சுமார் 23 செ.மீ. இடம் தாராளம்தானே? ஆனால், வளையலைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்க, முட்டை மாதிரி ஒடுங்கித் தெரியும். சாய்வாக வரும் பந்துக்கும் வளையம் அப்படித்தான். 45 டிகிரியில் இறங்கினால் சுமார் 32 செ.மீ. வழி கிடைக்கும். 30 டிகிரி என்றால் 22.5 தான்! கம்பியில் இடிக்காமல் நுழையாது.

அதனால வேகமா நேரே எறியாம, மேலே தூக்கிப் போடணும். கையை விட்ட பந்தைப் புவியீர்ப்பு வளைத்து இறக்கிடும். குள்ளமானவங்க இன்னும் கொஞ்சம் செங்குத்தா போடணும், அவ்வளவுதான். "குள்ளச்சிக்கு எதுக்கு இந்த ஆட்டம்?" என்று கேட்பவங்க கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

எங்க அணிக்கு இன்னும் ரெண்டு பேர் வேணும். உயரம் கேட்க மாட்டோம்.