தண்ணீருக்கு மோட்டார் கிடையாது

ஏப்ரல் வந்தாச்சு. "தண்ணி நிறைய குடி"ன்னு வீட்டிலிருந்து ஃபோன் வருகிற சீசன். அந்த அறிவுரையில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் பாதிதான் இருக்கு. மீதிப் பாதி உப்பு. ஸ்போர்ட்ஸ் டே பிராக்டிஸில் வெயிலில் சுருண்டு உட்காருகிறவர்களுக்கும், வெளியே எதையோ சாப்பிட்டுவிட்டு வயிறு போய் ரூமில் கிடக்கிறவர்களுக்கும் அந்த மீதிப் பாதி தெரிந்திருந்தால் நல்லது.

ஓவர்ஹெட் டேங்குக்குத் தண்ணீர் ஏற மோட்டார் வேணும். நம்ம உடம்பிலோ, குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து செல்லுக்கும் தண்ணீரை நேரடியாகத் தள்ளுகிற மோட்டார் கிடையாது. அதனால் உடம்பு சுற்றி வளைத்து ஒரு வேலை செய்கிறது. உப்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்துகிறது. தண்ணீர் தானாகப் பின்னாலேயே போகிறது. ஆஸ்மாசிஸ், அவ்ளோதான். தமிழில் சவ்வூடு பரவல். சவ்வுக்கு ஊடாகப் பரவுவது. இங்கிலீஷ் வார்த்தையை மனப்பாடம் பண்ணியபோது இது புரிந்ததே இல்லை. தமிழ் வார்த்தை நடப்பதை அப்படியே சொல்லிவிடுகிறது.

உப்பை நகர்த்தத்தான் மோட்டார் இருக்கு. செல்லின் சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப், ஒரு ஏடிபி செலவில் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. அதனால் ரத்தத்தில் சோடியம் அதிகம், செல்லுக்குள் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். இதுதான் செட் பாயின்ட். மூளையில் ஹைபோதலாமஸ் பகுதியில் சென்சார், சிறுநீரகம்தான் வால்வு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவனுக்கும் இந்த லூப் பிறவியிலேயே உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போ ஒரு மணி நேரம் ஃபுட்பால் ஆடி ஒரு லிட்டர் வியர்வை போகிறது என்று வைப்போம். வியர்வைச் சுரப்பியில் முதலில் ஊறுவது ஏறத்தாழ ரத்தத்தின் அளவுக்கே உப்பான நீர். தோலுக்கு வரும் வழியில் அந்தக் குழாய் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் வியர்வை வேகமாக ஓடினால் உறிஞ்ச நேரம் கிடைக்காது (கெமிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு: ரெசிடென்ஸ் டைம் குறைகிறது). அதனால் எவ்வளவு வேகமாக வியர்க்கிறதோ அவ்வளவு உப்பு போகும். கருப்பு டி-ஷர்ட் காய்ந்ததும் வெள்ளைக் கோடு தெரிகிறதே, அது இந்த உப்புதான். ஆளுக்கு ஆள் மாறினாலும், லிட்டருக்கு 40 மில்லிமோல் என்று எடுத்தால் கிட்டத்தட்ட 2.3 கிராம் உப்பு.

ஆட்டம் முடிந்ததும் வெறும் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தால் ரத்தம் நீர்த்துப்போகிறது. சென்சாருக்குத் தெரிவது முக்கியமாக அடர்த்திதான். "சரி, போதும்" என்று தாகத்தை அணைக்கிறது, சிறுநீரகம் வால்வைத் திறக்கிறது. இழந்த அளவு நிரம்புவதற்குள் குடித்ததில் ஒரு பங்கு பாத்ரூமுக்குப் போய்விடும். கூடவே கொஞ்சம் உப்பும் உள்ளே போனால்தான் தண்ணீர் தங்கும்.

இதையே அளவுக்கு மீறிப் பண்ணினால் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே இருந்தது. ஓட்டத்துக்குப் பிறகு எடை கூடியவர்களிடம்தான் இது அதிகம். அதாவது, வியர்த்ததை விட அதிகமாகக் குடித்தவர்கள். சோடியம் ரொம்ப இறங்கினால் தண்ணீர் செல்களுக்குள் போகும், மூளை வீங்கும், மண்டை ஓட்டுக்குள் அதற்கு இடம் கிடையாது. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு. பார்ப்பவர்கள் நீரிழப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். தாகத்துக்குக் குடியுங்கள், போட்டிக்குக் குடிக்காதீர்கள்.

வயிற்றுப்போக்கு வேற கதை, எனக்குப் பிடித்த கதையும் இதுதான். சிறுகுடல் சுவரில் எஸ்ஜிஎல்டி1 என்று ஒரு புரதம் இருக்கு. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். இரண்டும் போனால் பின்னாடியே தண்ணீர். காலராவிலும் இந்தக் கதவு மட்டும் பூட்டப்படுவதில்லை. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் பங்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது, டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. திலிப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு கரைத்துக் குடிக்கக் கொடுக்க ஏற்பாடு செய்தார். கலந்து ஊட்டியதில் பெரும்பங்கு நோயாளிகளின் குடும்பத்தினர். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, அவர் பொறுப்பில் 3.6 சதவீதமாக இறங்கியது. 2023-இல், இறந்த பிறகு, அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். ரொம்ப லேட்.

இன்றைய ஓஆர்எஸ் ஃபார்முலா 2002-இல் உலக சுகாதார நிறுவனம் திருத்தியது. லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. மில்லிமோலில் போட்டுப் பாருங்கள்: சோடியமும் 75, குளுக்கோஸும் 75. மொத்த அடர்த்தி 245, ரத்தத்தை விடக் கொஞ்சம் கம்மி. தண்ணீர் குடலிலிருந்து ரத்தத்தை நோக்கி நகர அந்த வித்தியாசம் உதவுகிறது.

ஹாஸ்டலில் எல்லாம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். போன செமஸ்டர் எங்க ஃப்ளோரில் ஒருத்தனுக்கு வயிறு போனது. பக்கத்து ரூம்காரன் ரொம்பப் பாசமாக ஒரு லிட்டர் பாக்கெட் முழுவதையும் ஒரு டம்ளரில் கரைத்து நீட்டினான். 200 மில்லி டம்ளர் என்றால் அடர்த்தி ஐந்து மடங்கு, 1225. ரத்தத்தில் இருக்கும் தண்ணீரையே குடலுக்கு இழுத்துவிடும். நல்லவேளை, வாயில் வைத்ததுமே அவன் துப்பிவிட்டான். பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கும். சுமார் 21 கிராம் என்றால் ஒரு லிட்டர். 200 மில்லிக்கான குட்டி பாக்கெட்டும் உண்டு. பாதியை இப்போ, பாதியை அப்புறம் என்று கலக்க வேண்டாம்.

மெடிக்கல் ஷாப் ஃப்ரிட்ஜில் ஆப்பிள் படம் போட்ட அட்டைப் பெட்டி பானங்களை நம்பாதீர்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தும் பெயரில் ஓஆர்எஸ் ஒட்டிக்கொண்டிருந்தவை நிறைய. 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் பெயர் வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. கோலாவும் ஆகாது, அதில் லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி; வியர்வைக்கு அது மட்டும் போதாது. உப்புப் போட்ட நீர்மோரும் கஞ்சித் தண்ணியும் அடக்கமாக நல்ல வேலை பார்க்கின்றன. கஞ்சியில் இருக்கும் மாவுச்சத்து குடலில் மெதுவாகத்தான் குளுக்கோஸாக உடைகிறது, அடர்த்தி திடீரென ஏறாது.

ஏசி கிளாஸில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. சாம்பார், ஊறுகாய், சிப்ஸிலேயே ஒரு நாளைக்கான 5 கிராம் வரம்பைத் தாண்டிவிடுகிறோம். காலையில் பிங்க் சால்ட் தண்ணீர் குடிக்கச் சொல்லும் ரீல்ஸைத் தள்ளிவிடுங்கள். அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், விலைதான் பிங்க். பிரஷரோ கிட்னி பிரச்சினையோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டவே கூடாது.

பாக்கெட் கிடைக்காத ராத்திரியில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்; வாந்தி வந்தால் பத்து நிமிஷம் விட்டுத் திரும்ப. எழுந்தால் தலை சுற்றுகிறது, பல மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, ரத்தம் தெரிகிறது, குடித்ததெல்லாம் வெளியே வருகிறது என்றால் வார்டனை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கலந்ததை வாயில் வைத்துப் பாருங்கள்: கண்ணீரை விட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்கணும். 24 மணி நேரம் தாண்டினால் மிச்சத்தையும் கொட்டிவிட வேண்டியதுதான்.