நூறு வருடம் நின்ற லயம் சாட்சியாகுமா?

தோட்டத்தின் பெயர்ப்பதிவான செக்ரோலில் பெயர் வெட்டப்பட்டு, சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கைக்கு வந்தபின் எங்கே குடியேறுவது என்ற பேச்சு எழும் வீடுகளில், ஹட்டன் தொடங்கி நுவரெலியா வரை, ஒரே வாக்கியம் சலிப்பில்லாமல் சொல்லப்பட்டு வருகிறது: "நூறு வருசமா லயம் நிற்கிற இடம், பக்கத்துல கட்டினா ஒண்ணும் ஆகாது." லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. காணித் தரகர் அந்த வாக்கியத்தைச் சொல்லி முற்பணம் வாங்குகிறார், மேசன் அதைச் சொல்லி மண்ணை வெட்டுகிறார், படித்த பிள்ளைகளும் அதைக் கேட்டுத் தலையசைக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்து, கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் சரிவுகளை அடுக்கடுக்காகச் சரித்த பின்னரும் அதே வாக்கியம் திரும்பச் சொல்லப்படுவது பொறுக்கத்தக்கதன்று. மலைச்சரிவின் இயல்பு பற்றி அறியப்பட்டுள்ள எதுவும் அதற்குத் துணை நிற்கவில்லை.

முதலில், இங்கே பேசப்படும் ஓய்வு எத்தகையது என்பது தெளிவாக வேண்டும். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. ஆயினும் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநரின் பங்காக 12 வீதமும் சேர்ந்து வளரும் ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் மீளப் பெறலாம் என்ற விதி அப்படியே இருக்கிறது. ஆகவே முழங்கால் தேய்ந்த கொழுந்துப் பெண்ணொருவர் ஐம்பதைக் கடந்ததும் கூடையை இறக்கிவைக்க நினைப்பது இயல்பே. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் இன்னொரு தொகையும் சேரும். இவை இரண்டும் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே வரும் பணம். அதைக் கொட்டி எழுப்பிய வீடு மண்ணோடு போனால் இரண்டாவது வீடு கட்ட இன்னொரு முப்பதாண்டுச் சேவை எவருக்கும் இல்லை என்பதால், இடத்தைத் தேர்வது வீட்டைக் கட்டுவதைவிடப் பெரிய காரியமாகிறது.

நின்றுகொண்டிருக்கும் லயத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், விழுந்த லயங்களால் சாட்சி சொல்ல முடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களும் தலைமுறை தலைமுறையாக நின்றவையே. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி அவற்றைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கைக்கும் அழிவுக்கும் இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளிலும், "இவ்வளவு காலம் நின்றதே" என்ற வாதம் அங்கே ஒவ்வொரு நாளும் உண்மை போலவே தோன்றியிருக்கும். கேரளத்தின் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு புதையுண்ட லயங்களில் இருந்தவர்களும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களே. அவர்களும் அவர்களது குடும்பத்தாருமாக 70 பேர் மாண்டனர். லயத்தின் வயது மண்ணின் உறுதிக்கு அளவுகோலன்று. கட்டடம் கட்டப்பட்ட நாளிலிருந்து இதுவரை அந்தச் சரிவின் தாங்குதிறனை மீறிய மழை அங்கே பெய்யவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

அடுத்தது, லயத்துக்குப் பக்கத்தில் எழும் புது வீடு லயத்தைப் போன்றதன்று. ஒற்றை வரிசை லயம் மலையின் சமவுயரக் கோட்டை ஒட்டி ஒடுக்கமாக நீண்டிருப்பது. அதன் காம்பரா, அதாவது அறை, ஏறத்தாழ 12 அடி ஆழம் கொண்டது. 30 பாகைச் சரிவில் 12 அடி அகலத்துக்குத் தட்டை எடுத்தால் பின்புற வெட்டு ஏறக்குறைய 7 அடி உயரம் வரும். இன்றைய வீட்டுக்கு முன்னறையும் படுக்கையறையும் குசினியும் ஒன்றன்பின் ஒன்றாக வேண்டியிருப்பதால், குறைந்தது 20 அடி அகலத்துக்கு வெட்டுகிறார்கள். அப்போது பின்புற மண்சுவர் பதினொன்றரை அடியாக உயர்கிறது. வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி, அதைத் திமிசுகூடப் போடாமல், அதன்மேல் முன்தூண்களை நிறுத்துகிறார்கள். ஆக, வீட்டின் பின்பாதி அடித்தாங்கல் இழந்த மலைக்குக் கீழேயும், முன்பாதி இறுகாத மண்ணின் மேலேயும் இருக்கிறது. 7 பேர்ச் காணி, அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி, தட்டை நிலத்தில் போதுமானதாகத் தோன்றலாம்; செங்குத்துச் சரிவில் அதே 7 பேர்ச்சுக்குள் வெட்டும் சுவரும் கானும் மலகூடக் குழியும் அடங்க வேண்டும் என்பதை வரைபடம் காட்டுவதில்லை. மலகூடக் குழியை வெட்டின் உச்சியில் தோண்டி, வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்ணுக்குத் தாமே நாள்தோறும் நீர் ஊட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. இதை அறியாமை என்று விட்டுவிடலாகாது, சொல்லித் திருத்த வேண்டும்.

மூன்றாவதாக, மலையும் பழைய மலையாக இல்லை. மண்சரிவை உண்டாக்குவது மண்ணின் எடை மட்டுமன்று. மண்துகள்களுக்கு இடையே நிரம்பும் நீர் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளும் அழுத்தமே முதன்மைக் காரணம். நிலப்பொறியியலாளர் இதை நுண்துளை நீரழுத்தம் என்பர். சற்றே ஈரமான மணல் பிடித்தபடி நிற்கும், நீர் நிரம்பியதும் ஓடிவிடும் என்பதைக் கடற்கரையில் விளையாடிய குழந்தையும் அறியும். இந்த நீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் வடித்தவை தோட்டங்களின் கான்கள், அதாவது சரிவின் குறுக்கே மெல்லிய வாட்டத்தோடு வெட்டப்பட்ட வடிகால்கள். கான் வெட்டு என்பது ஒருகாலத்தில் பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், பெயர் கூப்பிட்டு ஆள் ஒதுக்கப்பட்ட ஒரு வேலை. ஆட்கள் குறைந்து, செலவு சுருக்கப்பட்டு, தேயிலை கைவிடப்பட்டு மானாப்புல் மூடிய மலைகளில் இன்று கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. மழைநீர் வழி தேடி மண்ணுக்குள் இறங்குகிறது. வட்டவளையில் ரயில் பாதையையே நகர்த்திய மண்நகர்வைக் கட்டுப்படுத்த நிலத்தடி நீரை வடிப்பதே தீர்வாயிற்று என்பதை நிலப்பொறியியலாளர் அறிவர். நூறு ஆண்டுகள் லயத்தைக் காத்ததில் அந்தக் கான்களுக்குப் பெரும்பங்கு உண்டென்றால், கான் போனபின் லயத்தின் பழம்பெருமையை நம்பி வீடு கட்டுவது எவ்வளவு பிழை என்பது சொல்லாமலே விளங்கும்.

இதனோடு சேர்ந்த இன்னொரு மயக்கம், மலையில் தட்டையாகக் கிடக்கும் துண்டு நிலமே பாதுகாப்பானது என்பது. செங்குத்தான மலையின் நடுவில் தட்டையான நிலம் பல இடங்களில் அமைந்ததற்குக் காரணமே, முற்காலத்தில் மேலிருந்து இறங்கிய கல்லும் மண்ணும் அங்கே தங்கியதுதான். சரிவடிப் படிவு எனப்படும் இந்தக் கலவை அடிப்பாறையோடு ஒட்டாமல் கிடப்பது. மீரியபெத்தை அமைந்திருந்ததும் அத்தகைய படிவின் மேல்தான். நிற்கும் நிலம் உறுதியாகவே இருந்தாலும் போதாது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை அழித்த சரிவு, 1,550 மீட்டர் உயரத்தில் தொடங்கி ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தூரம் ஓடைவழியே பாய்ந்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "இந்த இடம் சரியுமா" என்பதோடு நிற்காமல், "மேலே எங்கோ சரிந்தால் அது எந்த வழியாக இறங்கும்" என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வசதிக்காக ஓடைக்கரையில் காணி தேடுபவர்கள் இந்த இரண்டாம் கேள்வியைக் கேட்பதே இல்லை.

இனி மற்ற நம்பிக்கைகள். ஹட்டன் பக்கம் மழை அதிகம், வலப்பனைப் பக்கம் குறைவு, ஆகவே அங்கே பயமில்லை என்பது பாதி உண்மை. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகளை நனைக்கிறது. வடகீழ்ப் பருவமழை ஆண்டின் இறுதியிலும் தையை ஒட்டியும் கிழக்குச் சரிவுகளைத் தாக்குகிறது. 2007 ஜனவரியில் வலப்பனையும் ஹங்குராங்கெத்தையும் சரிந்தது அந்தப் பருவத்தில்தான். ஆண்டு முழுதும் பெய்யும் மொத்த மழையைவிட ஒரே நாளில் கொட்டும் மழையே சரிவைத் தூண்டுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பாக இருத்தல், 100 ஆனால் வெளியேற ஆயத்தமாதல், 150 ஆனால் வெளியேறுதல் என்ற படிநிலைகளை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்திருப்பது இதனால்தான்.

லயக் காம்பராவை விலைக்கு வாங்கலாம் என்பது வெறும் ஏமாற்று. தோட்டக் காணி அரசுக்கு உரியது. கம்பெனிகளே 1992 தொடக்கம் 53 ஆண்டுக் குத்தகையில்தான் அதை வைத்திருக்கின்றன. அதில் குடியிருப்பவர் விற்க எதுவும் இல்லை. இதைப் போன்றதே கைக்கடதாசி போதும் என்ற பேச்சும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடைக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாத காணிக் கைமாற்றம் சட்டத்தின் முன் செல்லாது.

இந்தியாவுக்குப் போய்விடலாம் என்று இன்னமும் சொல்பவர்கள், தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கதவு எப்போதோ மூடப்பட்டுவிட்டது என்பதையும், இன்றைய இலங்கைப் பிரஜை அங்கே விசாவில் வந்துபோகும் விருந்தாளி மட்டுமே என்பதையும் உணர வேண்டும். அக்காலத்தில் கப்பலேறிப் போய் நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறியவர்களுக்கும் மலைதான் வாய்த்தது. 2009 நவம்பரில் அந்த மலையும் சரிந்தது. வவுனியா, கிளிநொச்சிக்கு இறங்குவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பின் அங்கே போனவர்களில் பலர் உறுதியில்லாத காணியில் உழைத்துக் களைத்த வரலாறு இருப்பதால், பிரதேச செயலகத்தில் காணி அனுமதிப்பத்திரத்தைச் சரிபார்க்காமல் அங்கே கல் நடக்கூடாது. நுவரெலியாவின் குளிர் முதுமைக்கு நல்லது என்ற பேச்சுக்கு ஒரு வரிப் பதிலே போதும்: 1,868 மீட்டர் உயரத்தில், காற்றோட்டமில்லாத குசினியில் விறகுப் புகையோடு கழியும் மார்கழி எந்த நுரையீரலுக்கும் நல்லதன்று.

முற்பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. அடைமழைக்கு மறுநாள் காணிக்குப் போக வேண்டும். முன்பு இல்லாத ஊற்று புதிதாகக் கசிகிறதா, அதன் நீர் கலங்கியிருக்கிறதா, மரங்களின் அடித்தண்டு கீழ்நோக்கி வளைந்து பின் நிமிர்கிறதா, அயலிலுள்ள கோயில் சுவரிலோ படிக்கட்டிலோ சாய்வான வெடிப்பு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அடித்தண்டின் வளைவு, மண் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல ஊர்ந்துகொண்டிருப்பதைக் காட்டும் அடையாளமாக இருக்கலாம். அதன்பின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் அந்த இடத்துக்கான அபாய மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்க வேண்டும். பிரதேச சபையின் கட்டட அனுமதிக்கு எப்படியும் தேவைப்படும் அந்த அறிக்கையை, காணியை வாங்கி முடித்தபின் கேட்பதால் பயன் என்ன? வாங்குமுன் கேட்டால் தரகரின் வாய் அடைபடும். அறிக்கை பாதகமாக வந்தால், பிள்ளைகள் இருக்கும் ஊரில் சிறிய வாடகை வீடே மேல். சொந்தக் காணி என்ற ஆசை எவ்வளவு நியாயமானதாயினும் அது மண்ணின் இயல்பை மாற்றாது.

கான்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். எந்த மலையில் எந்தக் கான் எங்கே தொடங்கி எந்த ஓடையில் விழுகிறது, எந்த இடத்தில் கல்கட்டு இருக்கிறது, எந்தக் கான் எந்த ஆண்டில் தூர்ந்தது என்பதைக் கம்பெனி அலுவலகத்தைவிட நன்றாக அறிந்தவர்கள், முப்பது நாற்பது ஆண்டுகள் மண்வெட்டி பிடித்து இப்போது பெயர் வெட்டப்பட்ட ஆண்களே. புதிய வீட்டுத் திட்டங்களுக்குக் கோடிகளை ஒதுக்கும் அமைச்சும், மலையைக் குத்தகைக்கு வைத்திருக்கும் கம்பெனிகளும், வாக்குக் கேட்டு வரும் தொழிற்சங்கங்களும், ஒவ்வொரு டிவிஷனிலும் இவர்களில் மூன்று நான்கு பேரைச் சம்பளம் கொடுத்து அழைத்து, கான் வரைபடத்தைத் தயாரித்து, அடுத்த தென்மேற்குப் பருவத்துக்கு முன் லயங்களுக்கும் புதுக் குடியிருப்புகளுக்கும் மேலேயுள்ள கான்களையாவது தூர்வார வேண்டும். ஒரு வீடு கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் பணம் சிறிது. அந்தக் கான்களை வெட்டிய தலைமுறை இன்னும் உயிரோடு இருப்பதால் இந்த வேலையை இப்போது செய்ய முடியும், பத்தாண்டு கழித்துச் செய்ய முடியாது.