உயிரணுவின் கைக்காசு

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்பது நம் பெரியோர் வாக்கு. அந்தச் செல்வத்தை ஒரு சீசாவில் அடைத்து விற்க முடியுமா? இந்தக் கேள்வி எங்கள் அறிவியல் மன்றத்துக்கு ஒரு வீட்டிலிருந்து வந்தது.

மானகிரியிலிருந்து பள்ளிக்கு வரும் எங்கள் தோழி ஒருத்தியின் அப்பத்தாவுக்கு வயது 68. சில மாதங்களாக அவருக்கு ஓயாத களைப்பு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். முகம் வெளிறி, தோல் வறண்டு போயிற்று. “வயசாகிப் போச்சு ஆத்தா, வேறென்ன?” என்று பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் கைப்பேசியில் வந்த விளம்பரம் ஒன்றைக் காட்டினார். உயிரணுக்களின் ஆற்றலைப் பெருக்கி, முதுமையைத் தள்ளிப்போட்டு, தோலுக்குப் பொலிவு தரும் மாத்திரையாம். விலையோ அவருடைய ஒரு மாத ஓய்வூதியம். “வாங்கலாமா, வேண்டாமா? நீதான் அறிவியல் படிக்கிறாயே, சொல்லு!” என்றார். பேத்திக்கு விடை தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. ஆகவே தேடிப் படித்தோம். படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

நாம் உண்ணும் உணவு அப்படியே தசைக்கும் மூளைக்கும் பயன்படுவதில்லை. உயிரணுக்குள் உள்ள மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உறுப்புகள், உணவையும் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனையும் கொண்டு அடினோசின் டிரை பாஸ்பேட் என்ற பொருளை உண்டாக்குகின்றன. சுருக்கமாக ஏ.டி.பி. என்பர். உயிரணு தன் வேலைகளுக்கெல்லாம் செலவிடும் காசு இதுவே. வணிகத்தில் சிறந்த நம் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு இதை எளிதாக விளக்கலாம். ஏ.டி.பி. பெட்டகத்தில் பூட்டிய பொன்னன்று. கைமாறிக்கொண்டே இருக்கும் காசு. எந்த நேரத்திலும் நம் உடலில் சில பத்துக் கிராம் அளவே இருக்கும். ஆனால் அது செலவாகி, மீண்டும் ஆக்கப்பட்டு, ஒரு நாளில் புழங்கும் மொத்த அளவு ஏறத்தாழ நம் உடல் எடைக்கு ஒப்பாகும்!

இந்தப் பொருளைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் நம் சென்னையில் படித்தவர் என்பதை எத்தனை பேர் அறிவோம்? 1895-இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்ததால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். 1922-இல் அமெரிக்கா சென்று, வறுமையோடு போராடியபடி ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். 1929-இல் அவரும் சைரஸ் ஃபிஸ்கேயும் தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியே இதைக் கண்டறிந்தார். சுப்பாராவின் உடன்பிறந்தோரைப் பலிகொண்டது ஸ்ப்ரூ என்னும் குடல் நோய். பிற்காலத்தில், 1945-இல், அந்நோய்க்கு மருந்தாகப் பயன்பட்ட ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது அவர் வழிநடத்திய குழுவே. 1948-இல் அவர் மறைந்தார்.

காசு அச்சடிக்க அச்சு வேண்டுமல்லவா? ஏ.டி.பி. உண்டாவதற்கு உதவும் பொருள்களுள் முக்கியமானது என்.ஏ.டி. எனப்படும் துணைநொதி. உணவில் உள்ள நியாசின் என்ற வைட்டமினிலிருந்து உடல் அதை ஆக்கிக்கொள்கிறது. வெயிலால் உயிரணுவின் மரபுப்பொருள் பழுதுபடும்போது, அதைச் செப்பனிடவும் என்.ஏ.டி. செலவாகிறது. வயது ஏறஏறச் சில திசுக்களில் அதன் அளவு குறைவதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். சீசா விற்பவர்கள் பற்றிக்கொள்வது இந்த உண்மையைத்தான்.

நியாசின் அறவே குறைந்தால் என்னவாகும்? பெல்லக்ரா என்ற நோய் வரும். வெயில் படும் கழுத்திலும் கையிலும் தோல் கறுத்து, சொரசொரப்பாகி உரியும். வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் தொடரும். உயிரணுவின் வறுமையைத் தோல் நம் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது! 1937-இல் கான்ராட் எல்வேஜெம் என்ற அமெரிக்கர், இதையொத்த நோயுற்ற நாய்களை நிகோடினிக் அமிலத்தால் குணப்படுத்தினார். நம் நாட்டில், தக்காணப் பகுதியில் சோளத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் பெல்லக்ரா காணப்பட்டது. அதை ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன். சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்ற அமினோ அமிலம் அதற்குக் காரணமாகலாம் என்று 1960-இல் அவரும் அவருடைய சகாவும் எழுதினர். நாட்டு மக்களின் உணவுக்காகவே உழைத்த கோபாலன், 2019-இல் தம் 100-ஆம் வயதில் மறைந்தார்.

அப்படியானால் நியாசின் போன்றவற்றை மாத்திரையாக மேலும் மேலும் விழுங்கினால் இளமை பெருகுமா? நம் ஊர் ஊருணியை நினைத்துப் பாருங்கள். வறண்ட ஊருணிக்கு ஒரு மழை உயிர் கொடுக்கும். நிறைந்த ஊருணியில் பெய்யும் மழையோ கலிங்கு வழியே வெளியேறிவிடும். என்.எம்.என்., என்.ஆர். என்று இக்காலத்தில் விற்கப்படும் பொருள்கள், மனிதர்களின் இரத்தத்தில் என்.ஏ.டி. அளவை உயர்த்துவது உண்மையே. ஆனால் அவற்றால் மனிதரின் ஆயுள் நீளும், முதுமை விலகும் என்பது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே தோல் புற்றுநோய் கண்டவர்களுக்கு நிகோடினமைடு கொடுத்தபோது, புதிய தோல் புற்றுகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக 2015-இல் வெளியான ஆய்வு கூறியது. அது மருத்துவர் மேற்பார்வையில் நோயாளிகளுக்குத் தந்த சிகிச்சை, முகப்பொலிவுக்கான மருந்தன்று. நியாசினை அளவு மீறி உண்டால் முகம் சிவந்து எரியும், கல்லீரலும் கெடக்கூடும்.

சரி, செலவில்லாத வழி இல்லையா? உண்டு. உடற்பயிற்சி தசையில் மைட்டோகாண்டிரியாவைப் பெருக்குகிறது. 1967-இல் ஜான் ஹொல்லோசி எலிகளை ஓடவிட்டு இதை நிறுவினார். காலையில் வேகமாக நடக்கும் மூதாட்டிக்கும் இது பொருந்தும். நிலக்கடலை, மீன், முட்டை, பயறு ஆகியவற்றில் நியாசின் உண்டு. 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 12 மில்லிகிராம் இருக்கிறது. அது ஒரு நாள் தேவையில் பெரும்பகுதி. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்கள் அரிசியின் உள்ளே இறங்குகின்றன. ஆகவே வெள்ளைப் பச்சரிசியினும் புழுங்கல் அரிசி மேல். தோலைக் காக்க, உச்சி வெயிலில் குடையும் இரவில் நல்ல உறக்கமும் வேண்டும். சிவப்பழகு தேடி ஏமாறும் தங்கையரும் இதைக் கருத வேண்டும்: நலமான தோலுக்கு எந்த நிறமும் அழகே.

இனி அப்பத்தாவின் கதைக்கு வருவோம். “மாத்திரை வாங்குமுன் ஒரு தடவை இரத்தம் பரிசோதித்துப் பார்ப்போமே, அப்பத்தா” என்று பேத்தி கெஞ்சி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றாள். அவருக்கு இருந்தது முதுமையன்று, இரத்தசோகை! இரும்புச்சத்து குறைந்தால் உயிரணுவுக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோக ஆளில்லை. மைட்டோகாண்டிரியாவுக்குள் வேலை செய்யும் புரதங்கள் பலவற்றுக்கும் இரும்பு வேண்டும். காசு அச்சடிக்கும் சாலையே முடங்கியிருக்க, விலையுயர்ந்த சீசா என்ன செய்யும்? விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அப்பச்சி காலமானபின் அவர் தமக்கென்று தனியே சமைப்பதில்லை. எல்லோரும் உண்டபின் மிஞ்சிய சோறும் ரசமுமே அவர் உணவு.

மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையோடு முருங்கைக்கீரை, பயறு, மீன், எலுமிச்சை, நெல்லிக்காய் என்று வீட்டுச் சமையலும் மாறியது. மூன்று மாதத்தில் அப்பத்தா ஊருணிக் கரையைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். ஓய்வூதியம் பத்திரமாக இருக்கிறது.

2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இரத்தசோகை. ஆகவே தோழியரே, காலை உணவை விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடிவராதீர்கள். பெற்றோரே, களைப்பை வயதின்மேல் சுமத்திவிட்டு வாளாவிராதீர்கள். இன்றிரவு உங்கள் வீட்டில் கடைசியாக உண்பவர் யார் என்று பாருங்கள். அவர் தட்டில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். அவரை உடன் அமர்த்தி உண்ணச் செய்வோம். அதற்கு எந்தச் சீசாவும் தேவையில்லை.